மலையில் வக்கீல், கோட்டையில் சட்டமன்ற உறுப்பினர்: நீலகிரியின் இளம் வழக்கறிஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரிக் கோர்ட்டுகளில் நான் கறுப்பு அங்கி போட ஆரம்பித்து 27 ஆண்டுகள் ஆகின்றன. நில வழக்குதான் என் பிழைப்பு. தேர்தல் நெருங்கும்போதெல்லாம் வழக்கறிஞர் சங்க அறையில் இளையவர்கள் யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சார், நானும் நின்று பார்க்கலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். அவர்களில் சிலர் உண்மையாகவே போக வேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

கோர்ட்டில் நல்ல பெயர் இருக்கிறது. சட்டமன்றத்துக்கு எதற்குப் போக வேண்டும்?

கோர்ட்டில் முடியாத வேலைகள் இந்த மலையில் நிறைய இருக்கின்றன. நான் ஜூனியராக இருந்தபோது கூடலூரை அடுத்த தேவாலாப் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா பிஸ்கட் டின் ஒன்றைச் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்து வந்தார். மூடி துருவேறி இறுகிப்போயிருந்தது. என் சீனியர் மேசைச் சாவியால் நெம்பித்தான் திறந்தார். உள்ளே வீட்டு வரி ரசீதுகள், ரேஷன் கார்டு, வாக்காளர் சீட்டுகள், மகனின் பள்ளிச் சான்றிதழ், ஒரு கல்யாணப் பத்திரிகை. மழை ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையால் நீவி, மேசை முழுவதும் பரப்பினார் சீனியர். அந்த அம்மா குடியிருக்கும் நிலத்துக்கான காகிதம் மட்டும் அதில் இல்லை.

"தம்பி, கல்யாணமாகி வந்த நாள் முதல் அங்கேதான் இருக்கிறேன். ஒரு பல்பு எரிய வேண்டும், அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மா. மின் இணைப்புக் கேட்டால் நில உரிமைக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். சீனியர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா, வக்காலத்தில் கையெழுத்து வாங்கி ஃபீஸ் வாங்க எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் உங்களைப் போன்றவருக்குச் சட்டத்தில் இடமே எழுதவில்லை. எழுத வேண்டியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள்" என்று சொல்லி, பஸ்ஸுக்குப் பணம் கொடுத்து அனுப்பினார். உங்கள் கேள்விக்கு என் பதிலும் அதுதான்.

அந்த அம்மாவின் நிலத்துக்கு அப்படி என்ன சிக்கல்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நீலகிரியில் பொதுவாழ்வுக்கு வர நினைக்கும் வக்கீலுக்கு இது பாலபாடம்.

கூடலூர், பந்தலூர்ப் பகுதி 1877-இல்தான் வயநாட்டிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. நிலம் வந்து சேர்ந்தது. நிலம் பரம்பரையாகப் பெரிய குடும்பங்களுக்கே சொந்தமாக இருக்கும் மலபார் ஜென்மி முறையும் கூடவே வந்தது. 80,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கேரளத்து அரச குடும்பமான நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜென்மம், அதாவது பரம்பரைச் சொத்து. எஸ்டேட்டுகள் அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தன. இந்த முறையை ஒழிக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் கூடலூர் ஜென்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1969-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் அது. பயிர் செய்தவர்களுக்கு அவர்கள் பெயரிலேயே ரயத்துவாரிப் பட்டா கிடைக்க அதில் பிரிவுகள் உண்டு. தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றியது பிரிவு 17. அந்த நிலங்கள் யாருக்கு என்ற இழுபறியில் அங்கே குடியிருப்பவர்கள் பட்டா இல்லாமல் நிற்கிறார்கள். இன்றைக்கும் கூடலூரில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் கூட "செக்ஷன் 17" என்று சொல்லக் கேட்கலாம். ஒரு சட்டப் பிரிவின் எண் ஊர்ப் பேச்சில் வசவு போலப் புழங்குவதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

சட்டம் நிறைவேறியதும் எஸ்டேட்டுகள் கோர்ட்டுக்குப் போயின. 1972-இல் பால்மாடீஸ் பிளான்டேஷன்ஸ் வழக்கில், காடுகளை அரசு எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை மட்டும் செல்லாததாக்கியது. 1974-இல் 34-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் முழுச் சட்டத்தையும், கோர்ட்டின் பரிசீலனையிலிருந்து சட்டங்களுக்குப் பாதுகாப்புத் தரும் ஒன்பதாவது அட்டவணைக்குள் கொண்டுபோய் வைத்தது. அதை எதிர்த்து எழுந்ததுதான் ஐ.ஆர். கோயலோ வழக்கு. ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2007 ஜனவரி 11 அன்று தீர்ப்புச் சொன்னது: அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தாலும் மாற்ற முடியாது என்று கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பான 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கிறதா என்று கோர்ட் சோதித்துப் பார்க்கலாம். இந்தியா முழுவதும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு நம் கூடலூர் மண்ணில் முளைத்தது.

இன்னொன்றும் உண்டு. அதே நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதைத் தடுக்கச் சொல்லி 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால ஆணை, காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே எடுத்துக்கொள்ள வேண்டும், நிலம் யாருடையது என்று பார்க்கத் தேவையில்லை என்றது. நாடெங்கும் காட்டுச் சட்டத்தின் போக்கே அதன்பின் மாறியது.

இரண்டு மாபெரும் வழக்குகளும் நம் மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் தாலுக்காக்களைத் தாண்டாத மண்ணில் பிறந்தவை. காடு ஓரளவு பிழைத்தது. அதற்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் டின்னைத் தூக்கி வந்த அம்மா இந்த இரண்டு வழக்கிலும் கட்சிக்காரர் இல்லை. எஸ்டேட் ஒரு பக்கம், அரசு ஒரு பக்கம், காடு நடுவில். அவரைப் போல நடுவில் வந்து குடியேறியவர்கள், ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து தோட்டங்களில் வாழ்ந்தவர்கள், இவர்களுக்கும் முன்பே அங்கிருந்த பணியர், காட்டுநாயக்கர் எல்லோரையும் கணக்கில் எடுத்து ஒரு திருத்தம் எழுத வேண்டும். நீதிபதி அதை எழுத முடியாது.

எங்கே படிப்பது? எப்படித் தொழிலில் சேர்வது?

நீலகிரியில் அரசு சட்டக் கல்லூரி இல்லை. நம் பிள்ளைகள் பெரும்பாலும் கோயம்புத்தூருக்குத்தான் இறங்குகிறார்கள். பள்ளி முடித்தவருக்கு ஐந்தாண்டுப் படிப்பு, பட்டம் பெற்றவருக்கு மூன்றாண்டு. பிறகு பார் கவுன்சிலில் பதிவு. பதிவுக் கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, பட்டியல் சாதியினர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. அகில இந்திய பார் தேர்வையும் எழுதித் தேற வேண்டும்.

ஜூனியர் காலத்தில் என்ன கற்றுக்கொண்டால் பின்னால் அரசியலுக்கு உதவும்?

சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, புல வரைபடம். இந்த நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு படிக்கத் தெரிய வேண்டும். படுகர் ஹட்டிகளில், அதாவது அவர்கள் ஊர்களில், பாதிப் பிரச்சினை கூட்டுப் பட்டா. தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவில் இன்று பேரன்கள் பதினைந்து பேர் தேயிலை பறிக்கிறார்கள். கடனுக்கோ மானியத்துக்கோ போனால் தனிப்பெயரில் காகிதம் இல்லை. ஒரு ஹட்டியின் கூட்டுப் பட்டா வழக்கு ஒன்றை முழுதாக நடத்திப் பாருங்கள். யாருக்கு யார் உறவு, எந்த மனஸ்தாபம் எந்தத் தலைமுறையில் ஆரம்பித்தது என்பதெல்லாம் வாக்குக் கேட்கப் போகும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மலைக்கென்றே உள்ள சட்டங்களையும் கரைத்துக் குடிக்க வேண்டும். 1949-இன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1955-இன் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி. தன் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தை வெட்டவும் ஏன் அனுமதி கேட்க வேண்டும் என்று விவசாயி கேட்பார். அவர் கோபத்துக்கு ஒத்து ஊதாமல், மண் சரிந்த இடங்களைக் காட்டிக் காரணம் சொல்லத் தெரிந்த வக்கீல்தான் நல்ல சட்டமன்ற உறுப்பினராவார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சோற்றுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகத் தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையடுத்து பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. கேட்டு வாங்குங்கள். சீனியராக இருக்கும் நானும் கொடுக்கக் கடமைப்பட்டவன்.

சட்டப்படி யார் நிற்கலாம்?

25 வயது நிரம்பியிருக்க வேண்டும். தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். வைப்புத்தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 5,000. பதிவான செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது திரும்பி வராது. அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். சொத்து, கடன், வழக்கு விவரங்களைப் படிவம் 26-இல் பிரமாணமாகத் தர வேண்டும். ஊரார் பிரமாணப் பத்திரத்தையெல்லாம் சரிபார்க்கும் வக்கீல் தன்னுடையதில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் வெட்கக்கேடு. நிதானமாகப் பூர்த்தி செய்யுங்கள். அரசு வழக்கறிஞர் பொறுப்பில் இருந்தால் மனுத் தாக்கலுக்கு முன்பே எழுதிக் கொடுத்து விலகிவிடுவது நல்லது.

எந்தத் தொகுதி?

மாவட்டத்தில் மூன்று தொகுதிகள்: உதகமண்டலம், குன்னூர், கூடலூர். கூடலூர், பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. இங்கே எனக்கு ஒரு மனவருத்தம் உண்டு. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகளாக அறிவிக்கப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் வாழும் மாவட்டம் இது. ஆனால் மாநிலத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதிகள் இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். மக்கள்தொகை விகிதம்தான் காரணம், புரிகிறது. இருந்தாலும், பணியர் வீட்டிலிருந்து ஒரு பெண் சட்டம் படித்து வந்தால் தன் ஊர் இருக்கும் கூடலூர்த் தொகுதியில் அவர் நிற்க முடியாது. குன்னூருக்கோ ஊட்டிக்கோ ஏறி வந்து பொதுத்தொகுதியில்தான் நிற்க வேண்டும். அப்படி ஒருவர் நின்றால் அவருக்காக நான் வீடு வீடாகப் போவேன்.

கொடைக்கானல் நண்பர்கள் நம்மைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அவர்களுக்கு மலைக்கென்று தனித்தொகுதியே கிடையாது. பழனித் தொகுதிக்குள் அடக்கம். மேலே உள்ளவரின் குரல் கீழே உள்ள வாக்குகளோடு கலந்துவிடுகிறது.

செலவுக்கு எங்கே போவது?

சட்டமன்ற வேட்பாளர் செலவழிக்கலாம் என்று தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் வரம்பு 40 லட்சம் ரூபாய். அது வரம்பு; அவ்வளவையும் செலவழிக்க வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை. கட்சிக்காரர்களிடம், அதாவது உங்கள் வழக்குக் கட்சிக்காரர்களிடம், ஒரு ரூபாய் கூட வாங்காதீர்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது கொடுக்கப்படும் நன்கொடை நன்கொடை இல்லை.

முதலில் நகராட்சி வார்டில் நின்று பழகலாமா?

தாராளமாக. ராஜாஜி 1900-இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார். 1937-இல்தான் சென்னை மாகாணத்தின் பிரதமர், இன்றைய சொல்லில் முதலமைச்சர். மதுவிலக்கை அந்த ஆண்டே முதலில் அமல்படுத்தியது எங்கே? தான் வழக்காடிய சேலம் மாவட்டத்தில். சொந்த ஊரின் சாக்கடையையும் குழாயையும் அறிந்தவருக்கு மாகாணத்தை ஆளும்போது எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.

வேறு முன்னோடிகள் இருக்கிறார்களா?

இருவரைச் சொல்வேன். சி. சுப்பிரமணியம் கோயம்புத்தூரில் வழக்கறிஞராக இருந்தவர். 1952 முதல் பத்தாண்டுகள் மாநில அமைச்சர், பேரவையின் அவை முன்னவர். அந்தக் காலத்தில் ஒரு அபூர்வம் நடந்தது. 1959 ஏப்ரல் 20 முதல் 30 வரை சட்டமன்றமே மலையேறி வந்து ஊட்டி ஆரன்மோர் மாளிகையில் கூடியது. இன்று தமிழகம் விருந்தினர் மாளிகை என்று அழைக்கப்படும் அதே கட்டடம். அந்த வழியே போகும்போதெல்லாம் என் ஜூனியர்களுக்கு அதைக் காட்டுகிறேன். பதினொரு நாள் கோட்டை நம் வீட்டு வாசலுக்கு வந்திருந்தது.

இன்னொருவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். தலச்சேரி வக்கீல், தொழிலாளிகளுக்காகவும் குடியானவர்களுக்காகவும் வாதாடியவர். மலபார் சென்னை மாநிலத்தில் இருந்த 1952-இல், கூத்துப்பறம்பிலிருந்து சுயேச்சையாக வென்று நம் சட்டமன்றத்தில் உட்கார்ந்தார். 1957-இல் கேரளத்தின் சட்ட அமைச்சர். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதி.

வக்கீலாக இருந்தால்தான் முடியுமா?

இல்லவே இல்லை. படுகர்களில் முதல் பட்டதாரியான ஆரி கவுடர் மாகாணச் சட்டமன்றத்தில் இருந்தார். 1935-இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை உருவாக்கி, உருளைக்கிழங்கு விவசாயியைத் தரகர் பிடியிலிருந்து மீட்கப் பாடுபட்டார். 1962-இல் நீலகிரியின் நாடாளுமன்ற உறுப்பினரான அக்கம்மா தேவி, படுகர் பெண்களில் முதல் பட்டதாரி. இருவரும் வக்கீல்கள் இல்லை. மக்கள் அவர்களை நம்பினார்கள்.

சபையில் ஒரு வக்கீலால் என்ன செய்ய முடியும்?

கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கையில் வெட்டுத் தீர்மானம் எல்லாம் 234 பேருக்கும் பொது. வக்கீலின் பலம் தெரியும் இடம் சட்டமுன்வடிவு. ஒரு பிரிவில் "மற்றும்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "அல்லது" இருந்தால் எத்தனை குடும்பம் வெளியே நிற்கும் என்பது நமக்குத்தான் முதலில் கண்ணில் படும். அரசு உறுதிமொழிக் குழுவில் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அமைச்சர்கள் சபையில் கொடுத்த வாக்குறுதிகள் என்னவாயின என்று கேட்கும் குழு அது. குறுக்கு விசாரணை செய்து பழகியவருக்கு ஏற்ற இடம்.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் தடுப்புச் சுவர், நடைபாலம், சமுதாயக் கூடம் கட்டலாம். ஊரார் அதைத்தான் முதலில் கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஐந்தாண்டும் திறப்பு விழாவிலேயே போய்விட்டால் பிரிவு 17-ஐப் பற்றி யார் பேசுவார்கள்?

உறுப்பினரான பிறகு வழக்கு நடத்தலாமா?

நடத்தலாம். சட்டமன்ற உறுப்பினர் முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் இல்லை, எனவே பார் கவுன்சிலின் 49-ஆம் விதி தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 25 அன்று தீர்ப்பளித்தது. அமைச்சரானால் தொழிலை நிறுத்தி வைப்பதே மரபு.

சட்டம் அனுமதிக்கிறது, என் மனம் அனுமதிக்கவில்லை. 2018-இன் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு உறுப்பினரின் மாத ஊதியம் 1,05,000 ரூபாய். குடும்பம் நடத்தலாம். தன் தொகுதியில் அரசை எதிர்த்தோ, தன் வாக்காளர் இருவருக்கு நடுவிலோ வழக்குக் கட்டு எடுத்துக்கொண்டு நிற்பவரைத் தோற்ற கட்சிக்காரர் எப்படிப் பார்ப்பார்? மேலும் நேரம் எங்கே இருக்கிறது? கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், அங்கிருந்து மேட்டுப்பாளையம் மறுபடி ஒரு 50, அப்புறம் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஓர் இரவு. கூட்டத்தொடர் நடக்கும்போது வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தால் பாதிக்கப்படுவது வழக்காளிதான்.

கையில் இருக்கும் வழக்குகளை என்ன செய்வது?

மனுத் தாக்கலுக்கு ஆறு மாதம் முன்பே பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு கட்சிக்காரரையும் நேரில் கூப்பிட்டு, யாரிடம் கட்டைக் கொடுக்க விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். வாங்கிய ஃபீஸில் வேலை நடக்காத பங்கைத் திருப்பிக் கொடுங்கள். அசல் பத்திரங்களைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். என் இளமையில், தேர்தல் வேலையில் ஓடிய ஒருவரின் அலுவலகத்தில் ஒரு விவசாயியின் அசல் பாகப் பத்திரம் காணாமல் போனது. நகல் எடுத்து வழக்கை மீட்க எங்களுக்கு நான்கு வருடம் பிடித்தது. அந்த விவசாயி தீர்ப்பைப் பார்க்க உயிரோடு இல்லை.

தோற்றுவிட்டால்?

மறுநாள் கோர்ட்டுக்கு வாருங்கள். கிருஷ்ணய்யர் 1965 தேர்தலில் தோற்றார். கறுப்பு அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி வக்கீல் தொழிலுக்கு வந்தார். 1968-இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். தேர்தலுக்காக நீங்கள் நடந்த ஹட்டிகளும் பழங்குடிப் பாடிகளும் தோட்டத்து லைன் வீடுகளும் உங்களுக்குத் தெரிந்த இடங்களாகிவிட்டன. அங்கிருந்து வருகிறவர்கள் உங்கள் பெயரைக் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

இன்றைக்கே எதிலிருந்து தொடங்கலாம்?

சங்க நூலகத்தில் 1969-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டத்தை எடுங்கள். பென்சிலோடு உட்காருங்கள். பிரிவு 17-ஐப் படித்துவிட்டு, தேவாலா அம்மாவுக்காக நீங்கள் எழுத விரும்பும் திருத்தத்தை ஒரே பத்தியில் எழுதிப் பாருங்கள். எஸ்டேட்காரரின் வக்கீல் அதை எப்படி உடைப்பார், வனத்துறை என்ன சொல்லும் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் சேம்பரில் இருப்பேன்.